பனி விலகும் முன்பே வசந்தம்: மேப்பிள் தோப்பில் இரண்டு மணிநேர நடை

ரொறன்ரோவுக்கு வடக்கே ஏறத்தாழ ஒன்றேகால் மணிநேரக் கார்ப் பயணத் தொலைவில், ஒரு குடும்பம் தலைமுறைகளாகப் பராமரித்து வரும் மேப்பிள் தோப்பொன்று இருக்கிறது. மார்ச் மாதத்தில் அங்கே வழிகாட்டி ஒருவருடன் காட்டு நடை ஒழுங்குசெய்யப்படுகிறது. மார்ச் நடுப்பகுதியில் ஒரு சனிக்கிழமை காலை, 74 வயதான அம்மாவையும் ஒன்பது வயது மகளையும் அழைத்துக்கொண்டு அந்த நடைக்குப் போய்வந்தேன். பெரியவர்களுக்கு 24 டொலர், பிள்ளைகளுக்கு அதில் பாதி. இரண்டு மணிநேர நடையும், மேப்பிள் மரச் சாற்றைப் பாணியாகக் காய்ச்சும் குடிலைப் பார்ப்பதும், கடைசியில் மண்டபத்தில் பான்கேக் சாப்பிடுவதும் இந்தக் கட்டணத்தில் அடங்கும். சில குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் அந்தச் சிறு குடும்பத்தின் பெயரை இங்கே தவிர்த்திருக்கிறேன். ஒன்ராறியோவின் தெற்கில் இதே காலத்தில் பல தோப்புகள் இத்தகைய நடைகளை நடத்துகின்றன. ஆகவே, எதைத் தேடிப் போகவேண்டும், எதை எதிர்பார்க்கலாம் என்று நான் எழுதுவது வேறு தோப்புக்குப் போகிறவர்களுக்கும் பயன்படும்.

இந்த நாட்டில் இருபதுக்கும் மேற்பட்ட குளிர்காலங்களைக் கடந்துவிட்டேன். இருந்தும், மே மாதத்தில் மரங்கள் ஒரே வாரத்தில் பச்சை பிடிக்கும்போதுதான் வசந்தம் வருகிறது என்று இவ்வளவு காலமும் நம்பியிருந்தேன். நவம்பர் முதல் ஏப்ரல் வரையான காலம் முழுவதும் எனக்கு ஒரே சாம்பல் நிறமாக, வேலைக்குப் போவதும் பனி அள்ளுவதுமாகவே கழிந்திருக்கிறது. நம்முடைய ஆறு பருவங்களின் கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். இளவேனில் சித்திரையில்தான் தொடங்குகிறது. பனியின் கடைசிப் பகுதிக்கென்று தனியாக ஒரு பெயர் வைத்த மொழி நம்முடையது. அந்தக் கடைசிப் பகுதியை இந்த நாட்டில் ஒருமுறையேனும் நின்று பார்த்ததில்லையே என்ற உறுத்தல்தான் என்னை அந்தத் தோப்புக்கு அழைத்துப் போனது.

வழிகாட்டி ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி. வாகனத் தரிப்பிடத்தின் ஓரத்திலேயே எங்கள் எல்லோரையும் நிறுத்தி, இரண்டு நிமிடம் கண்களை மூடிக்கொண்டு நிற்கச் சொன்னார். முழங்கால் அளவு பனி கிடந்த காட்டின் முன்னால் கண்ணை மூடி நிற்பதற்கா இருபத்து நான்கு டொலர் கொடுத்தோம் என்று முதல் அரை நிமிடத்தில் தோன்றியது உண்மை. பிறகு மேலிருந்து இரண்டே சுரங்களில் ஒரு சீழ்க்கை வந்தது. முதல் சுரம் உயர்ந்தும் இரண்டாவது சற்றுத் தாழ்ந்தும் ஒலித்தன. குளிர்காலம் முழுவதும் எங்கள் வீட்டுப் பின்வளவில் “சிக்-அ-டீ-டீ” என்று கத்தித் திரியும் அதே கறுப்புத் தலைச் சிக்கடிக் குருவியின் பாட்டுத்தான் இது என்று அவர் சொன்னார். அந்தக் குருவி எங்கும் வலசை போவதில்லை. பகல் நீளத் தொடங்கியதும் ஆண்குருவி இந்த இரண்டு சுரப் பாட்டை மேலும் மேலும் அடிக்கடி பாடத் தொடங்குகிறது. ஆக, வசந்தத்தின் முதல் அறிகுறி கண்ணுக்கு அல்ல, காதுக்குத்தான் வருகிறது. டிசம்பர் 21 அளவில் ரொறன்ரோவின் பகல் ஒன்பது மணிநேரத்துக்குச் சற்றுக் குறைவு. மார்ச் 20 அளவில் அது பன்னிரண்டு மணிநேரம் ஆகிவிடுகிறது. மார்ச் நடுப்பகுதியில் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய மூன்று நிமிடம் கூடுகிறது. யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணிநேரம் அளவுதான் வேறுபாடு. பகலின் நீளத்தைக் கொண்டு பருவத்தை அறியும் பழக்கம் நம்மிடம் குறைவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

தோப்புக்குள் நுழைந்ததும், மரங்களின் அடியைப் பார்க்கச் சொன்னார். ஒவ்வொரு அடிமரத்தைச் சுற்றியும் பனி கரைந்து கிண்ணம்போலக் குழி விழுந்திருந்தது. கருமையான மரப்பட்டை வெயிலை உள்வாங்கி, அந்தச் சூட்டைத் தன்னைச் சுற்றியுள்ள பனிக்குக் கொடுப்பதால் இப்படி ஆகிறது. அப்படிப்பட்ட ஒரு குழிக்குள் குனிந்து பார்த்த என் மகள், பனியில் யாரோ கரித்தூள் கொட்டியிருக்கிறார்கள் என்றாள். அம்மாவுக்கு அது எள்ளுச் சிந்தியதுபோல் தெரிந்தது. வழிகாட்டி ஒரு சிறு கைவில்லையை மகளிடம் கொடுத்தார். அந்தத் தூளில் ஒரு துகள் திடீரென்று மறைந்து, இரண்டு விரற்கடை தள்ளி மறுபடியும் தோன்றியது. அவற்றைப் பனித்தெள்ளு என்று இங்குள்ளவர்கள் சொன்னாலும் அவை தெள்ளுப்பூச்சிகள் அல்ல. ஆறு கால் கொண்ட, ஒன்றிரண்டு மில்லிமீற்றர் நீளமே உள்ள மண்வாழ் உயிர்கள். வயிற்றின் கீழே மடித்து வைத்திருக்கும் கவைபோன்ற உறுப்பொன்றைத் தட்டி விடுவித்துத் தாவுகின்றன. உடலுக்குள் பனிக்கட்டி உருவாகாமல் தடுக்கும் புரதம் அவற்றிடம் உண்டு. குளிர்கால முடிவில் சற்று வெதுவெதுப்பான நாள் வந்ததும் இலைச்சருகுக்குள்ளிருந்து கூட்டமாக மேலே வருகின்றன. மகள் கால்மணிநேரம் அந்தக் குழியை விட்டு எழும்பவே இல்லை. கூட்டம் முன்னால் போய்விட்டதே என்று நான் பதறினேன். வழிகாட்டி அவளை அவசரப்படுத்தாமல் தாமும் நின்றார். இந்தச் சேவைக்கு நான் கொடுக்கும் மதிப்பில் பெரும்பங்கு அந்தப் பொறுமைக்கு உரியது.

அதன் பிறகு பாணிக்கான மரங்களுக்கு வந்தோம். பெரும்பாலான மரங்களை நீல நிறக் குழாய்கள் ஒன்றோடொன்று இணைத்திருந்தன. பார்வையாளர்களுக்காகப் பத்துப் பன்னிரண்டு மரங்களில் மட்டும் பழைய முறைப்படி தகர வாளிகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். மூடியைத் தூக்கிப் பார்த்தால், தண்ணீரைப்போலத் தெளிந்த சாறு சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. முந்திய இரவு கழித்தல் ஐந்து பாகை. நாங்கள் நின்ற நேரம் கூட்டல் நான்கு. அந்த ஏற்ற இறக்கம்தான் இதன் உயிர்நாடி. இரவில் உறையும்போது மரத்திசுக்களில் உள்ள வாயு சுருங்கி, வேரிலிருந்து நீர் மேலே இழுக்கப்படுகிறது. பகலில் உருகும்போது உள்ளே அழுத்தம் ஏறி, துளையிட்ட இடத்தால் சாறு வெளியே வருகிறது. இரவும் உறையாமல் போனால் ஓட்டம் நின்றுவிடும். பகலும் உறைந்தே கிடந்தால் தொடங்காது. போன கோடையில் இலைகள் செய்து மரத்துக்குள் மாப்பொருளாகச் சேமித்து வைத்த உணவே சர்க்கரையாக மாறி இந்தச் சாற்றில் வருகிறது. இலை ஒன்றுகூட இல்லாமல் செத்ததுபோல் நிற்கும் மரத்துக்குள் இவ்வளவு வேலை நடக்கிறது என்பதை அந்தச் சொட்டின் சத்தத்தைக் கேட்டபடி அறிந்துகொண்டது, அன்றைய காலையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய செய்தி.

சிறு காகிதக் கிண்ணங்களில் எல்லோருக்கும் சாறு கொடுத்தார்கள். அம்மா ஒரு வாய் குடித்து, சற்று நேரம் நாக்கில் வைத்திருந்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, இது கருப்பநீருக்குத் தண்ணி விட்ட மாதிரியெல்லோ கிடக்கு.” அவர் சொன்னது கணக்கிலும் சரியானதே. மேப்பிள் சாற்றில் சர்க்கரை ஏறக்குறைய இரண்டு வீதம்தான். பனஞ்சாற்றில் பத்து வீதத்துக்கும் மேல் இருக்கும். ஒரு லீற்றர் பாணிக்கு நாற்பது லீற்றர் மேப்பிள் சாறு வேண்டும். அம்மாவின் சொந்த ஊரில் அவருடைய மாமா முறையான ஒருவர் பாளை சீவி, சுண்ணாம்பு தடவிய முட்டியில் கருப்பநீர் இறக்கி, பெரிய தாச்சியில் காய்ச்சிப் பனங்கட்டி ஊற்றியவர். சுண்ணாம்பு இல்லாவிட்டால் அது நொதித்துக் கள்ளாகிவிடும். இங்கே வாளியில் சுண்ணாம்பு எங்கே என்று அம்மா கேட்டதை நான் வழிகாட்டிக்கு மொழிபெயர்த்தேன். அவர் மிகுந்த ஆர்வத்துடன் பனையைப் பற்றித் திருப்பிக் கேட்டார். பிறகு, இங்கே அந்த வேலையைக் குளிர்தான் செய்கிறது என்று விளக்கினார். நாள் சூடேறச் சூடேற வாளியில் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அவை சாற்றிலுள்ள சர்க்கரையை மாற்றிவிடுவதால், பருவத்தின் தொடக்கத்தில் பொன்னிறமாக இருக்கும் பாணி கடைசி நாட்களில் அடர்ந்த கபில நிறமும் அழுத்தமான சுவையும் பெறுகிறது. போத்தல்களில் நான்கு தரங்களாகப் பிரித்து எழுதியிருக்கும் நிறவேறுபாடு, உண்மையில் பனி எந்த அளவுக்குப் பின்வாங்கியிருந்தது என்பதன் பதிவு. கடையில் எத்தனையோ முறை அந்தப் போத்தல்களைக் கையில் எடுத்திருக்கிறேன். இது தெரியாமல்தான் எடுத்திருக்கிறேன்.

ஐரோப்பியர் வருவதற்கு வெகு முன்பே அனிஷினாபே மக்களும் ஏனைய முதற்குடிகளும் இந்தச் சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரையாக்கி வந்தார்கள் என்பதையும், இந்தக் காலத்து நிலவை அனிஷினாபே மக்கள் சர்க்கரை நிலா என்று அழைப்பதையும் வழிகாட்டி சொன்னார். ஆனால் அதை இரண்டு வசனங்களில் முடித்துக்கொண்டார். இந்த அறிவு முழுவதும் அவர்களிடமிருந்து வந்தது என்கிறபோது, அதற்கு இன்னும் பத்து நிமிடமாவது ஒதுக்கியிருக்க வேண்டும்.

தோப்பின் தாழ்ந்த பக்கத்தில், நிலம் சதுப்பாகும் இடத்தில் நான் அன்று கண்டதை இனி எளிதில் மறக்கமாட்டேன். பனிக்கட்டியின் நடுவே, கையளவு அகலத்தில் வட்டமாக உருகிய துளையொன்றுக்குள்ளிருந்து, ஊதாவும் கபிலமும் கலந்த புள்ளிகளுடன், குவிந்த கைபோல ஒன்று எழும்பி நின்றது. ஸ்கங்க் கபேஜ் என்பது அதன் பெயர். கசக்கினால் ஸ்கங்க் என்ற விலங்கின் நாற்றம்போல வீசும். இந்தச் செடி, தன் கிழங்கில் சேமித்த மாப்பொருளை எரித்து, சுற்றியுள்ள காற்றைவிடப் பதினைந்து முதல் முப்பத்தைந்து பாகை வரை சூடாகத் தன் பூவை வைத்திருக்கக்கூடியது. அந்தச் சூட்டினால்தான் பனியைத் துளைத்துக்கொண்டு வருகிறது. வழிகாட்டி சொன்னபடி, விரலை அந்தக் குவிந்த மடலுக்குள் சற்றே நுழைத்துப் பார்த்தேன். வெளியே விறைத்துப் போயிருந்த விரல் நுனிக்கு அங்கே மெல்லிய வெதுவெதுப்புத் தெரிந்தது. உள்ளே உருண்டையாக, சிறு சிறு முடிச்சுகளுடன் பூத்தண்டு இருந்தது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “இது எங்கட கரணைக்கிழங்குப் பூவின்ர சாதி” என்றார். அவர் சொன்னது சரி. இரண்டும் சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்தவை. கரணைப் பூவும் தானே சூடேறி நாற்றம் பரப்பி ஈக்களையும் வண்டுகளையும் அழைப்பதுதான். தாவரவியல் படிக்காத ஒருவர், வேறு கண்டத்துப் பனிக்குள் நின்ற ஒரு பூவைப் பார்த்த மாத்திரத்தில் அதன் குடும்பத்தைச் சொல்லிவிட்டார். நான் அதை மொழிபெயர்த்தபோது கூட்டத்தில் இருந்தவர்கள் அம்மாவைத் திரும்பிப் பார்த்த பார்வையில் எனக்கு நெஞ்சு நிறைந்தது.

கடைசியாக நின்ற இடம் சம்புப் புல் நிறைந்த குட்டை. பனிக்கட்டி இன்னும் முழுதாக விலகவில்லை; கரையோரம் மட்டும் கருநிற நீர் தெரிந்தது. காய்ந்த சம்புத் தண்டொன்றின் உச்சியில் ஒரு கரிய பறவை அமர்ந்து, தோள்களை விரித்து, கரகரத்த குரலில் மீண்டும் மீண்டும் கத்தியது. விரித்த தோளில் செந்நிறப் பட்டை, அதன் கீழ் விளிம்பில் மஞ்சள். ரெட்விங்ட் பிளாக்பேர்ட் எனப்படும் இந்தப் பறவையில் ஆண்கள்தான் முதலில், மார்ச் தொடக்கத்தை ஒட்டித் தெற்கிலிருந்து திரும்பி வந்து இடம் பிடிக்கின்றன. பெண்கள் சில வாரங்கள் கழித்தே வருகின்றன. ரொபின் குருவியைக் கண்டால் வசந்தம் வந்துவிட்டது என்று என் மகளுக்குப் பள்ளியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தென் ஒன்ராறியோவில் சில ரொபின்கள் குளிர்காலம் முழுவதும் பழங்களைத் தின்றுகொண்டு இங்கேயே தங்கிவிடுவதால் அது உறுதியான அறிகுறி அல்ல என்று வழிகாட்டி மென்மையாகத் திருத்தினார். இந்தக் கரிய பறவையின் குரல் அதைவிட நம்பகமானது. திரும்பும் வழியில் சிவப்பு மேப்பிளின் நுனிக்கிளைகளைச் சுட்டிக்காட்டினார். தூரத்தில் சாம்பலாகத் தெரிந்த மரத்தின் உச்சி, வெயிலுக்கு எதிரே பார்த்தால் மங்கிய செந்நிறமாக இருந்தது. மொட்டுகள் பருக்கத் தொடங்கியிருந்தன. சர்க்கரை மேப்பிளின் மொட்டு விரியத் தொடங்கும் நாளில் சாற்றின் சுவை கெட்டுவிடும். அன்றோடு பாணிக்காலம் முடிந்துவிடும்.

பாணி காய்ச்சும் குடில் நன்றாகவே இருந்தது. விறகடுப்பின் மேல் நீண்ட தட்டைப் பாத்திரங்களில் சாறு கொதித்து, கூரைத் திறப்பு வழியே ஆவி வெண்ணிறமாக எழும்பியது. 104 பாகையில் பாணி பதமாகிறது என்று வெப்பமானியைக் காட்டினார்கள். மண்டபத்தில் பான்கேக்குக்கு நாற்பது நிமிடம் வரிசையில் நின்றோம். கைக்கு வந்தபோது அது ஆறிப்போயிருந்தது. அதற்காக யாரும் அங்கே போகவேண்டியதில்லை.

குறைகள் என்று சொன்னால், முதலாவது கூட்டத்தின் அளவு. இருபத்திரண்டு பேர் ஒரே வழிகாட்டியின் பின்னால் நடந்தோம். பனியில் நடக்கும் சப்பாத்துகளின் சத்தமே குருவிகளின் குரலை மறைத்தது; பின்வரிசையில் நின்றவர்கள் பாதியைக் கேட்டிருக்கமாட்டார்கள். பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்க்காமல், தேவையானால் கட்டணத்தைச் சற்றுக் கூட்டினாலும் நான் மகிழ்ச்சியோடு கொடுப்பேன். இரண்டாவது, பாதையைப் பற்றிய முன்னறிவிப்பு போதாது. பதிவுசெய்தபோது வந்த மின்னஞ்சலில் குளிருக்கு ஏற்ப உடுத்தி வாருங்கள் என்று மட்டுமே இருந்தது. உண்மையில் காலைப் பொழுதில் பாதை கண்ணாடிபோல உறைந்தும், பதினொரு மணிக்குப் பிறகு கணுக்காலளவு சேறாகவும் இருந்தது. அம்மா சதுப்புக்கு இறங்கும் சரிவில் ஒருமுறை வழுக்கினார். பின்னால் வந்த ஓர் இளைஞர் தோளைப் பிடித்திருக்காவிட்டால் விழுந்திருப்பார். வயதானவர்கள் வருவதாகப் பதிவிலேயே குறிப்பிட்டிருந்தேன். ஒரு ஊன்றுகோலையோ சப்பாத்தில் மாட்டும் முள்பட்டையையோ கொண்டுவரச் சொல்லி ஒரு வரி எழுதியிருந்தால் போதுமாக இருந்திருக்கும். திரும்பி வந்தபின் இதை எழுதி அனுப்பினேன். இனிமேல் சேர்த்துக்கொள்வதாக மறுநாளே பதில் வந்தது.

நம்மவர்களுக்கு என் பரிந்துரை இதுதான். ஞாயிறு மதியத்தையும் பள்ளி விடுமுறை வாரத்தையும் தவிர்த்து, காலையில் தொடங்கும் முதல் நடைக்குப் பதிவுசெய்யுங்கள். பறவைகளின் குரல் அப்போதுதான் தெளிவாகக் கேட்கும். முந்திய இரவு உறைநிலைக்குக் கீழும் அன்றைய பகல் அதற்கு மேலும் போகுமா என்று வானிலை அறிவிப்பைப் பார்த்து நாளைத் தெரிவுசெய்யுங்கள். அப்படியில்லாத நாளில் வாளிகள் காலியாகவே தொங்கும். நீர் புகாத உயரமான றப்பர் சப்பாத்து, மாற்றுக் காலுறை, ஒரு கைவில்லை ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். நடைதூரம் ஒன்றரைக் கிலோமீற்றர் அளவுதான் என்றாலும் நடுவில் உட்கார இடமில்லை. கழிப்பறை தரிப்பிடத்தின் அருகே மட்டும் இருக்கிறது. விளக்கம் முழுவதும் ஆங்கிலத்தில்தான். ஆகவே பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் அவர்களுக்குப் பக்கத்திலேயே நின்று சொல்லிக்கொண்டு போங்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளை வெட்கப்படாமல் வழிகாட்டியிடம் கேளுங்கள். எங்கள் நடையில் மிக நல்ல கேள்விகள் அம்மாவிடமிருந்துதான் வந்தன.

ஐந்துக்கு நான்கரை நட்சத்திரம் கொடுக்கிறேன். குறைந்த அரை நட்சத்திரம் அந்தச் சரிவுக்கானது.

வரும்போது கடைசித் தரமான, மிக அடர்ந்த நிறப் பாணியில் அரை லீற்றர் வாங்கினோம். அம்மா அதை மறுநாள் காலைப் புட்டின் மேல் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, பனம்பாணியின் புகைமணம் இதில் இல்லை, ஆனாலும் பரவாயில்லை என்றார். அந்த வாரத்தில் இரண்டு முறை, விடிந்தும் விடியாமலும் பின்கதவைத் திறந்து குளிரில் நின்று, சிக்கடியின் அந்த இரண்டு சுரம் கேட்கிறதா என்று அவர் காதுகொடுத்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். அவருக்காக மே மாதத் தொடக்கத்தில் அதே தோப்பில் நடக்கும் இரண்டாவது நடைக்கும் பதிவுசெய்திருக்கிறேன். மேப்பிள் இலைகள் விரிந்து நிழல் கட்டுவதற்கு முன்பே அவசரமாகப் பூத்து முடிக்கும் டிரில்லியம் மலர்கள் அப்போது தரையெங்கும் வெள்ளையாக இருக்கும் என்று வழிகாட்டி சொல்லியிருக்கிறார்.